வாலாட்டி வந்த தேதி

ஃபோர்ட் வேன், இண்டியானா
2023 நவம்பர் 6

பர்கத்துல்லா அவர்களுக்கு,

சலாம். நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இன்று இல்லை. அடுத்த கடிதம் என்று ஒன்று இருந்தால் அதில் கேட்கிறேன்.

நேற்று மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தபோது என் மகன் ஆசிக் சொல்கிறான்: "உம்மா, யாங்கோன்லேருந்து சாதிக் பாட்சா மாமா பேசுனாங்க. பல்கீஸ் மாமியோட அண்ணன் உங்களைக் கேக்குறாங்களாம். சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?" கடையில் பருப்பு வாங்கி வரவா என்று கேட்பவன் குரலில் கேட்டான். மருமகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். பேத்தி மிஸ்பாவுக்கு ஆறு வயது. "யாருக்கு மாப்பிள்ளை?" என்று மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டாள்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கணவர் மௌத்தாகிப் பதினோரு வருஷம், இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம். பல்கீஸ் என் பள்ளிக்கூடத் தோழி. அவளைப் பார்க்க நான் கிம்யிண்டைங்கிலிருந்து பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் நீங்கள் என்னைக் கண்டதும் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். "பல்கீஸ் குளிக்கிறா." "பல்கீஸ் இல்ல."

மூன்றாவது வாக்கியத்தை என் மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசுகிற சாதிக் பாட்சா வாயால். அவர் வாயில் ஒன்றைப் போட்டால் முகல் தெரு முழுக்கத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாதா?

போன் செய்ய வேண்டாம். இந்த வீட்டில் என் போன் நடுமேசையில் இருக்கும், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பதில் இருந்தால் தாளில் எழுதுங்கள். அதைப் படம் பிடித்து என் நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள். தமிழ்க் கையெழுத்து இந்த வீட்டில் வேறு யாருக்கும் படிக்க வராது.

கேள்வி ஒன்றுதான். அறுபத்து மூன்று வயதில் உங்களுக்கு எதற்குக் கல்யாணம்?

வாசலில் குருவிகள் வந்து நிற்கின்றன. ஏதாவது போட வேண்டும், போகிறேன்.

நூர் பீவி


பசுந்தாங், யாங்கோன்
நவம்பர் 17

மதிப்புக்குரிய நூர் பீவி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் தவறு என்னுடையதாகவே இருந்தது.

மகன்தான் வலீ, பெண்ணுக்குப் பொறுப்பாளர், அவரிடம் கேட்பதுதான் முறை என்று நினைத்தேன். முதலில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் முறை என்ற பெயரில் சாதிக் பாட்சாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மன்னிக்க வேண்டும்.

என்னைப் பற்றிய விவரம் எழுதுகிறேன். மனைவி இறந்து நான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் வீடு, அறுபத்திரண்டு படிகள். சந்தைக்குப் பக்கத்தில் சோலார் விளக்கும் சார்ஜ் விசிறியும் விற்கிற சின்னக் கடை. கரண்ட் போகப் போக எனக்கு வியாபாரம், இதைப் பெருமையாகச் சொல்லக்கூடாது. இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் இருக்கிறது. சர்க்கரை இல்லை. வெற்றிலை போடுவதில்லை. தொழுகை தவறுவதில்லை, விடிகாலை சுபுஹு சில நாள் தாமதமாகும்.

எதற்குக் கல்யாணம் என்று கேட்டீர்கள். ஒரு வயதுக்கு மேல் மனிதனுக்குத் துணை வேண்டும் என்பதால்தான்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் வாசலில் நின்ற குருவிகள் என்ன குருவிகள்? இங்கே தகைவிலான்கள் வந்துவிட்டன. பொழுது சாய்கிற மகரிபு நேரத்தில் எங்கள் தெரு மின்கம்பிகளில் இடமே இருக்காது. ஒன்றுக்கொன்று ஒரு விரல்கடை இடைவெளி விட்டு உட்காரும். புதிதாக ஒன்று வந்து நடுவில் இறங்கினால் வரிசை முழுக்க நகர்ந்து இடம் கொடுக்கும். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் மேலே தார்பாய் கட்டிக்கொள்வார்கள், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற இடத்துக்கு வாலாட்டிக் குருவி ஒன்று வருகிறது. வெள்ளை முகம், கழுத்துக்குக் கீழே கறுப்புத் துண்டு. நான்கு வருஷமாக அது வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கிறேன். 2020இல் அக்டோபர் பதினொன்று. அடுத்த வருஷம் ஏழு. போன வருஷம் ஒன்பது. இந்த வருஷம் ஐந்தாம் தேதி காலை ஏழரைக்கே வந்துவிட்டது. ஒரே குருவிதானா என்று தெரியாது. நடை ஒரே நடைதான்.

என் விவரத்தைவிட இது நீண்டுவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

பர்கத்துல்லா


ஃபோர்ட் வேன்
நவம்பர் 27

பர்கத்துல்லா அவர்களுக்கு,

சலாம். நலமா? போன முறை கேட்காததைக் கேட்டாகிவிட்டது.

உங்கள் விவரம் வேலைக்கு மனுப் போட்டது போல இருந்தது. இரத்த அழுத்தத்தை எழுதிய நீங்கள் இடுப்பளவையும் எழுதியிருக்கலாம். குருவியைப் பற்றி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

இங்கே வருவது ஜுங்கோ. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி பேர் சொன்னாள். அவர்கள் அதைப் பனிக்குருவி என்றும் சொல்கிறார்கள், முதல் பனியோடு சேர்ந்து வருமாம். நம் சிட்டுக்குருவி அளவுதான். முதுகும் தலையும் மழைமேக நிறம், வயிறு மட்டும் வெள்ளை, கோடு போட்டுப் பிரித்தது போல. மூக்கு வெளிர் சிவப்பு. எழும்பிப் பறக்கும்போது வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை மின்னும், உட்கார்ந்ததும் மறைந்துவிடும். பத்துப் பதினைந்து சேர்ந்து வரும். ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் பிரிந்து போகாது. எங்கள் வீடு மாதிரிதான்.

போன வருஷம் யாங்கோனில் செய்கிற மாதிரி இவற்றுக்கு நெற்கதிர் கட்டலாம் என்று ஆசைப்பட்டேன். இங்கே நெற்கதிருக்கு எங்கே போக? அலங்காரச் சாமான் கடையில் கோதுமைக் கதிர்க் கொத்து ஒன்று வாங்கி வாசல் நிலையில் தொங்கவிட்டேன். இரண்டு நாள் ஜுங்கோக்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தன, ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் நாள் மருமகள் வந்து, "மாமி, இதுக்குச் சாயம் அடிச்சிருக்கு" என்று கழற்றிப் போட்டாள். பிறகுதான் தெரிந்தது, இவை தரையில் கிடப்பதைத்தான் பொறுக்கும். உடைத்த அரிசி போட்டேன், காலால் தள்ளிவிட்டன. இந்தியக் கடையில் தினை வாங்கிப் போட்டேன், தின்றன. இப்போது மிஸ்பாவும் நானும் காலையில் ஆளுக்கு ஒரு பிடி போடுகிறோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆசிக்கிடம் சொன்னால் "உம்" என்பான், கண் போனில் இருக்கும். நல்ல பிள்ளைதான். கிடங்கில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவனிடம் குருவிக்கதை சொல்வது என் தப்பு.

என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. துணைக்கு ரேடியோ போதும். எதற்குக் கல்யாணம்?

நூர் பீவி


பசுந்தாங்
டிசம்பர் 12

நூர் பீவி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் ஐந்து நாளுக்கு முன்னால்தான் கைக்குக் கிடைத்தது. நெட் வரவில்லை, அதனால் இந்தத் தாமதம். எழுதாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம்.

ஜுங்கோவின் வாலில் வெள்ளை மின்னுவதை எழுதியிருந்தீர்கள். வாலாட்டிக்கும் வால் ஓரம் வெள்ளைதான். உலகத்தின் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் ஒரே தையற்காரரிடம் தைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விக்கு வருகிறேன். பல்கீஸ் சொல்வதை எழுதுகிறேன். நான் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறேனாம், காலையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், மத்தியானம் எண்ணெய் மிதக்கிற கறி. இப்படியே போனால் சீக்கிரம் போய்விடுவேனாம். அது ஒரு காரணம். இதை எழுதியதும் நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அவள் சொன்னதை மறைப்பது நேர்மை அல்ல.

இன்னொரு விஷயம். கோதுமைக் கதிரைப் படித்த பிறகு நான் இங்கே உங்கள் பெயரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் பால்கனியில் நிறையச் சின்னக் குருவிகள் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நெற்கதிர் விற்கிறவர் தெருவில் வரும்போது கயிற்றை இறக்குகிறேன், அவர் அதன் நுனியில் உள்ள கிளிப்பில் மாட்டிவிட மேலே இழுத்துக்கொள்கிறேன். இப்போது நான்கு கொத்து தொங்குகிறது. மிச்ச ஏற்பாடு முடிந்ததும் எழுதுகிறேன்.

பர்கத்துல்லா


ஃபோர்ட் வேன்
2024 ஜனவரி 3

பர்கத்துல்லா அவர்களுக்கு,

சமையலுக்கு ஆள் தேவை என்றால் சந்தையில் சொல்லி வையுங்கள், நல்ல கைப்பக்குவமுள்ள பெண்கள் கிடைப்பார்கள். அந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம் வந்திருக்கிறது.

சாதிக் பாட்சா நேற்று ஆசிக்கிடம் அரைமணி நேரம் பேசினார். போன் நடுமேசையில் இருந்தது. எல்லோரும் கேட்டோம். "தம்பி, நான் சொன்ன சம்பந்தத்தை நானே வாபஸ் வாங்குறேன். பர்கத்துல்லா பாயை ஆத்தோரத்துப் பகோடா படிக்கட்டுல மூணு தடவை பாத்துட்டேன். ஒருநாள் பறவைக்கூண்டைக் கையில வச்சுக்கிட்டு அங்க குருவி விக்கிற பொம்பளைகிட்ட என்னமோ வழக்கு வேற. புண்ணியத்துக்குக் குருவி விடுறதெல்லாம் நம்ம வேலையா? தனியா இருந்து இருந்து மனுசனுக்குத் தலை ஒரு மாதிரி ஆயிருச்சு."

ஆசிக் என்னைப் பார்த்தான். "உம்மா, இதோட விட்டுருவோம்" என்றான். எல்லோரும் அந்த ஊரை விட்டு வெளியே வர வழி தேடுகிற நேரத்தில் நான் அங்கே போவதா என்று வேறு கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நான் உங்களை அப்படி நினைக்கவில்லை. ஆனால் உங்களுக்காகப் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது. என்ன நடந்தது என்று முழுசாக எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

இந்தப் பதிலை வைத்துத்தான் நான் முடிவு செய்யப் போகிறேன்.

நூர் பீவி


பசுந்தாங்
ஜனவரி 11

நூர் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்ததை எழுதுகிறேன்.

நான்கு கொத்து நெற்கதிர் கட்டியும் வந்தது வழக்கமான சிட்டுக்குருவிகள் மட்டும்தான். உங்களுக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. படிக்கட்டில் கூண்டில் வைத்து விற்கிறார்களே, வாங்கி விடுவித்தால் புண்ணியம் என்று, அதில் நிறையச் சில்லைகள் இருக்கும். சின்ன உடம்பு, தடித்த மூக்கு, காப்பிக்கொட்டை நிறம். பத்துச் சில்லைகளை வாங்கி வந்து என் பால்கனியில் கதிருக்குப் பக்கத்தில் திறந்துவிட்டால் சாப்பாடு இருக்கிற இடத்தில் தங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். புண்ணியத்துக்கு வாங்கவில்லை, அல்லாஹ் அறிவான். குடித்தனம் வைக்க வாங்கினேன்.

திறந்தேன். பத்தும் கதிரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் போயின.

அடுத்த வாரம் இன்னும் பத்து வாங்கப் போனேன். அதில் ஒன்றுக்கு வால் பாதிதான் இருந்தது. முதல் பத்திலும் வால் பாதியான ஒன்று இருந்தது. நான் அந்தப் பெண்ணிடம், "இது நான் போன வாரம் விட்ட குருவிதானே?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சமும் கூசவில்லை. "ஆமா ஊலே, அதுதான்" என்றாள். இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "பின்னாடி சந்துல என் வீடு. அங்க தீனி வைக்கிறேன், சாயங்காலம் வந்துரும். எல்லாம் வராது, இது வந்துரும்."

"அப்ப நான் விட்டதுக்கு என்ன அர்த்தம்?"

"நீங்க விட்டீங்க, அது போச்சு. திரும்பி வந்தது அது இஷ்டம். அதை நான் என்ன செய்ய?"

அந்த வழக்கைத்தான் சாதிக் பாட்சா பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவை நான் அந்த வால்பாதியை மட்டும் தனியாக வாங்கினேன். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தினை, தண்ணீர் எல்லாம் வைத்து, கூண்டைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். சாப்பிட்டது. தண்ணீர் குடித்தது. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று என்னை ஒருமுறை பார்த்தது. போய்விட்டது. மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன், அவள் கூண்டில் இருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்க்காதவன் போல நடந்தேன்.

இனிமேல் வாங்க மாட்டேன். நான் கொடுத்த காசுக்குத்தான் அந்தக் குருவிகளைப் பிடிக்கிறார்கள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது. இது முழு விவரம். தலை ஒரு மாதிரி ஆகிவிட்டதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு. இரண்டு தடவை பொய்ப் பதில் எழுதினேன். பொய் என்றால் முழுப்பொய் இல்லை, பிறர் சொன்ன பதில்.

அக்டோபர் ஐந்தாம் தேதி வாலாட்டி வந்தது என்று எழுதினேன் அல்லவா? அன்று காலை அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வீட்டுக்குள் வந்தேன். சொல்ல ஆள் இல்லை. கடைக்குப் போனேன். முதலில் பேட்டரி வாங்க வந்தவரிடம், "எங்க மாடிக்கு வாலாட்டி வந்துருச்சு" என்றேன். அவர், "என்ன விலை?" என்றார். அன்று சாயங்காலம்தான் பல்கீஸிடம் போய் உங்களைப் பற்றிக் கேட்டேன்.

என் மனைவி ரஹ்மத் பீவி நல்ல மனுஷி. அவளோடு முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தேன். ஒருநாளும் அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய் இதோ பார் என்று காட்டியதில்லை. ஆண்பிள்ளை குருவி பார்க்கிறான் என்று சிரிப்பாளோ என்ற வெட்கம். சிரித்தால்தான் என்ன என்று இப்போது தோன்றுகிறது. அவள் போன பிறகுதான் தேதி குறிக்க ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லாமல் விட்டதற்காக நான் அழுதிருக்கிறேன், இது பல்கீஸுக்குக்கூடத் தெரியாது.

பார்த்ததைச் சொல்ல எனக்கு ஒருவர் வேண்டும். அவர் பார்த்ததைக் கேட்கவும் வேண்டும். அதற்குத்தான் கல்யாணம். சமையல் நான் கற்றுக்கொள்கிறேன்.

பர்கத்துல்லா


ஃபோர்ட் வேன்
ஜனவரி 24

பர்கத்துல்லாவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வால்பாதி உங்களைப் பார்த்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மருமகள் வந்து கதவைத் தட்டினாள். அதன் பிறகு உள்ளதைப் படித்தபோது அவள் தட்டவில்லை. நான் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் தலை சரியாகத்தான் இருக்கிறது. ஆசிக்கிடம் முழுக்கதையையும் நானே சொன்னேன், சோறு போட்டுவிட்டு, போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மூணு தடவையா போனாங்க?" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்ல மனுசன்தான் உம்மா. ஆனா ஊரு நல்லா இல்லையே" என்றான்.

எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஒன்பது வருஷமாகக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. கெட்டுப்போய்விட்டேன். மிஸ்பா காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தினை போடுவாள். அவளை விட்டு வருவதை நினைத்தால் ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களோடு பேசாமல் இருப்பதை நினைத்தாலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. இதை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது.

நீங்கள் எழுதியதெல்லாம் நல்லது மட்டும். அங்கே உள்ள கெட்டதை எழுதுங்கள். ஒன்றையும் மறைக்காமல்.

நூர் பீவி


பசுந்தாங்
பிப்ரவரி 2

நூர் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கேட்டதை எழுதுகிறேன்.

கரண்ட் நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது. சில நாள் அந்த ஒழுங்கும் கிடையாது. கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றாவிட்டால் குளியல் இல்லை. என் கடைச் சரக்கு வீட்டில் இருப்பதால் விளக்கும் விசிறியும் ஓடும், வெந்நீர் அடுப்பில்தான். அறுபத்திரண்டு படியில் நாற்பதாவது படி உடைந்திருக்கிறது, இரண்டு வருஷமாகப் புகார் சொல்கிறேன். நல்ல டாக்டர்கள் பலர் போய்விட்டார்கள். அரிசி விலையை எழுதவில்லை, எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். இருட்டிய பிறகு யாரும் அதிகம் வெளியே போவதில்லை. உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்போது இங்கே இல்லை. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை என் வயதுக்காரர்கள் வரிசை நீளமாக இருக்கிறது, பின் வரிசையில் இளைஞர்கள் குறைவு.

நான் குறட்டை விடுவேன். ஒரு காது கொஞ்சம் மந்தம், இடது. சமையலில் இதுவரை பருப்பு மட்டும் தேறியிருக்கிறது. பல்கீஸ் சாப்பிட்டுப் பார்த்து "பரவால்ல" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பேத்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளையின் கையிலிருந்து உங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன் என்று இருக்க நான் விரும்பவில்லை.

வாருங்கள் என்று எழுதினால் சுயநலம். வர வேண்டாம் என்று எழுதினால் பொய். இரண்டில் சுயநலம் பரவாயில்லை என்று தோன்றுகிறது. வாருங்கள்.

பர்கத்துல்லா


பசுந்தாங்
மார்ச் 10

நூர் பீவிக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. கேட்பதற்காக இதை எழுதவில்லை. நோன்பு தொடங்கப் போகிறது, துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பிகளில் தகைவிலான்கள் பாதியாகிவிட்டன. வாலாட்டி இன்னும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே இருந்த கறுப்பு இப்போது பெரிதாகியிருக்கிறது, புறப்படுவதற்கு முன் சட்டை மாற்றுகிறது. கெட்டதை எழுதச் சொன்னீர்கள், கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேனோ என்று ஒரு யோசனை. அதில் ஒன்றும் பொய் இல்லை.

பதில் 'வேண்டாம்' என்பதாக இருந்தாலும் எழுதுங்கள். குருவி பற்றி எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பர்கத்துல்லா


ஃபோர்ட் வேன்
ஏப்ரல் 20

பர்கத்துல்லாவுக்கு,

சலாம். பெருநாள் நன்றாக முடிந்ததா? நான் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. உங்கள் கெட்ட பட்டியலை மகனுக்கும் மருமகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குறட்டை, இடது காது எல்லாவற்றையும் சேர்த்து. நாற்பதாவது படி வந்தபோது ஆசிக், "மறைக்காம எழுதியிருக்காங்களே" என்றான். பிறகு இரண்டு மாதம் இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு என்ன எழுதுவது? நடுவில் நிற்கிற கடிதம் எழுத எனக்கு வராது.

நோன்பு இருபத்தேழாம் நாள் நோன்பு திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மருமகள்தான் ஆரம்பித்தாள். "மாமி இங்க பனியில ஆறு மாசம் கதவுக்கு உள்ளேயே இருக்காங்க. மூட்டுவலியில ராத்திரி தூங்குறதே இல்ல. பனிக்காலத்துக்கு அங்க போயிட்டு, ஸ்கூல் லீவு விடுறப்ப இங்க வந்துட்டா என்ன?" ஒன்பது வருஷத்தில் அவள் என் மூட்டுவலியைக் கவனித்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஆசிக் இரண்டு நாள் யோசித்தான். "டிக்கெட் நான் போடுறேன். வலீயா சம்மதமும் நான் சொல்றேன். ஆனா அங்க ஏதாவது நிலைமை சரியில்லைன்னா உடனே ஏறி வந்துரணும், அவங்களைக் கேட்டுக்கிட்டு இருக்கக்கூடாது" என்றான். நான் ஒப்புக்கொண்டேன். நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிஸ்பாவுக்குச் சொன்னபோது அழுதாள். பிறகு, தினை போடுகிற வேலை முழுக்கத் தனக்கே என்று தெரிந்ததும் பாதியாக அழுதாள்.

ஆகவே அக்டோபர் முதல் வாரம் வருகிறேன், ஏப்ரலில் திரும்புவேன். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். பாதி மனைவி போதுமா என்று பல்கீஸிடம் கேட்காமல் நீங்களே யோசித்து எழுதுங்கள்.

இன்று காலை வாசலில் ஒரு ஜுங்கோகூட இல்லை. நேற்றுச் சாயங்காலம் பதினொன்று இருந்தன, எண்ணினேன். வடக்கே போய்விட்டன. தினை அப்படியே கிடந்தது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று உள்ளே ஓடி வந்தேன்.

கடைசியாக, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பந்தத்தை வாபஸ் வாங்கிய சாதிக் பாட்சாவே இப்போது, "ரெண்டு பவுன்னு போட்டுக்குவோம், எல்லாரும் அப்படித்தான்" என்று ஆசிக்கிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பவுன் வேண்டாம். நான் கேட்பது ஒரு பைனாகுலர். பழையது இல்லை, புதியது. நல்ல கண்ணாடி போட்டது, கழுத்தில் மாட்டுகிற வாருடன். அதை நிக்காஹ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், இமாம் சிரித்தாலும் பரவாயில்லை.

மஹர் பெண்ணுக்கு மட்டும் சொந்தம், கணவனுக்கு அதில் பாத்தியதை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடியில் அது என் கழுத்தில்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் வாய்திறந்து கேட்க வேண்டும்.

கேட்டால் தருவேன்.

நூர் பீவி